மழையில் நாங்கள் இறக்கிய பதினாலு பிள்ளைகள்

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களிடம் எந்த வருஷம் என்று கேட்டால் எண் வராது. தகரம் பறந்த வருஷம், பீலி வத்தின வருஷம், பாலம் போன வருஷம் என்றுதான் பதில் வரும். லுணுகலை டவுனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு இது பழகிப்போன பேச்சு. என் சித்தி தன் மகளின் வயதைச் சொல்லும்போது, "பாலம் போய் மறுமாசம் பொறந்தவ" என்பார். பதிவுக் கந்தோரில் அதை எழுதிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்தில் அது போதும்.

எனக்கு நினைவு தெரிந்து முதலில் வந்தது காற்று. அப்போது எனக்கு எட்டு வயது. ஆடி மாதத்தில் மழையில்லாமல் வெறும் கச்சான் காற்று மட்டும் நாள்கணக்கில் அடிக்கும். ஒரு மத்தியானம் அம்மாவும் அப்பாவும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். நானும் தம்பியும் எங்கள் காம்பராவில் இருந்தோம். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற ஒற்றை அறை. கூரைத் தகரம் முதலில் படபடவென்று அடித்தது. பிறகு ஒரு ஓரம் தூக்கியது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுத் தகரமும் கழன்று போய்விட்டது. தலைக்கு மேல் வெறும் ஆகாயம். தம்பி பயப்படவில்லை, கைதட்டினான். எதிர் லயத்திலிருந்து ஒரு மாமா ஓடிவந்து இரண்டு பேரையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

பொழுது சாய்வதற்குள் ஆறு ஆண்கள் எங்கள் கூரைமேல் கம்பியும் கல்லுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் காலை, பறந்துபோன தகரத்தைத் தேயிலைக்குள்ளிருந்து கண்டெடுத்து ஒருவர் தலையில் சுமந்து கொண்டுவந்தார். அது மடங்கிப்போயிருந்தது. அதை வாசலில் போட்டுக் கல்லால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். அந்தச் சத்தத்தை நானும் தம்பியும் பக்கத்தில் குந்திக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்தது வறட்சி. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம். லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற ஊற்றுத் தண்ணீரைத்தான் நாங்கள் பீலி என்போம். அது முதலில் விரல் தடிமனாகியது, பிறகு நூலாகியது, பிறகு இல்லாமலே போனது. பெண்கள் குடமும் கேனுமாக டவுனுக்கு நடந்தார்கள். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடை இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். கடைக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு கிணறு. முதல் நாள் எங்கள் ஆட்கள் உள்ளே போய்க் கேட்டு எடுத்தார்கள். இரண்டாம் நாள் போனபோது நானா ஒரு நீளமான ஹோஸ் குழாயைக் கிணற்றிலிருந்து இழுத்து மதிலுக்கு வெளியே போட்டிருந்தார். யாரும் உள்ளே வர வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். நாங்கள் போகிற நேரத்துக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ஏழு வாரம் அப்படித் தண்ணீர் எடுத்தோம். அந்த ஏழு வாரத்தில் மதிலுக்கு வெளியே வந்து நின்று அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

இனி நான் சொல்லப்போவது எனக்கு நேர்ந்த மூன்றாவதை; அது பாலம் போன வருஷம் அல்ல. அதைப் பற்றி மற்றவர்கள் என்னிடம் நிறையக் கேட்டிருக்கிறார்கள். நானாக உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

உயர்தரப் பரீட்சை முடித்துச் சில வருஷம் கழித்துப் பதுளையில் சிறுவர் பராமரிப்புக்கு ஒரு பயிற்சி எடுத்தேன். சான்றிதழோடு வந்ததும் எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலேயே வேலை கிடைத்தது. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுப்போகிற இடம்தான் பிள்ளை மடுவம். ஒரு பெரிய அறை, பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு அடுப்படி, வாசலுக்கு முன்னால் கொஞ்சம் புல். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

அங்கே எனக்கு முன்னால் இருபது வருஷமாக ஒரு அக்கா வேலை செய்துகொண்டிருந்தார். அதற்கு முன் அவர் கொழுந்து பறித்தவர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகளை மொனராகலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். தோட்டத்தில் பாதிப் பேர் அவர் மடியில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். அவருக்குமேல் என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குச் சான்றிதழ் மட்டும்தான் தெரிந்தது.

முதல் வேலையாக, கூரைக் கட்டையில் தொங்கிய சேலைத் தொட்டில்களையெல்லாம் கழற்றிவிட்டு மரக்கட்டில்களைப் போட்டேன். இரண்டு நாள் லீவில் போய் வந்து பார்த்தால் தொட்டில்கள் திரும்பத் தொங்கின. நான் ஒபிஸில் போய்ச் சொன்னேன். அக்காவைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. "பால் ஆறிருச்சு", "ஒண்ணு அழுவுது" என்று தேவைக்கு இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். நாலு மாதம் அப்படியே ஓடியது. தொட்டில் விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் நான்தான் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன், ஏனென்றால் பிள்ளைகள் அதில்தான் தூங்கின.

கார்த்திகை மாதம் மழை பிடித்தது. கார்த்திகையில் மழை எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இது விடாமல் ஆறு நாள் பெய்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பதுளை பஸ் வரவில்லை. இரண்டு நாள் வேலை இல்லை. மடுவத்துக்குப் பிள்ளைகள் குறைவாகத்தான் வந்தார்கள். ஆறாவது நாள் அக்கா பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வாளியை என் முன்னால் வைத்தார். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

"இது மழைத் தண்ணி இல்ல, மலை கரையுது," என்றார்.

மழை பெய்தால் தண்ணீர் கலங்கத்தான் செய்யும், தெளியவைத்துக் கொதிக்கவைக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அந்த வாளியை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஏழாவது நாள் காலை மழை தூறலாகக் குறைந்தது. பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள். காலையில் எல்லோரையும் கூட்டி இன்றைக்கு யார் எங்கே வேலை என்று சொல்வதுதான் பெரட்டு. பெண்களை எதிர்ப்பக்கத்து மலைக்குக் கொழுந்துக்கு அனுப்பினார்கள், ஆண்களை ரோட்டில் விழுந்த மண்ணை வெட்ட அனுப்பினார்கள். இரண்டு நாள் சும்மா இருந்ததால் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் போனார்கள். மடுவத்துக்கு அன்றைக்குப் பதினாலு பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஆறு நடக்காதவை.

ஒன்பது மணி இருக்கும். பால் கரைக்கத் தண்ணீர் எடுக்கப் போன அக்கா வெறும் வாளியோடு வந்து நின்றார். பீலி நின்றுவிட்டது என்றார். ஏழு நாள் மழைக்குப் பிறகு, இன்னும் தூறிக்கொண்டிருக்கும்போது, ஊற்று நின்றுவிட்டது. வறட்சிக்குக்கூட வாரக்கணக்கில் எடுத்து நின்ற பீலி அது. நான் பின்னால் போய்ப் பார்த்தேன். குழாய் வாயில் ஒரு சொட்டு இல்லை. மேலே மலை பச்சைப் பசேலென்று சும்மா இருந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். சாத்த முடியவில்லை. காலையில் நன்றாகச் சாத்தித் திறந்த கதவு. நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். வாசல் படியிலிருந்து அடுப்படி வரைக்கும் சிமெந்தில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. அக்கா விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி அதில் விட்டார். ஈர்க்கு முழுவதும் உள்ளே போய்விட்டது.

நான் போனை எடுத்து ஒபிஸுக்கு அடித்தேன். ஜன்னல் ஓரத்தில் நின்றால்தான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். கிளாக்கர் பேசினார். தோட்டத்துத் துரை தேயிலை அரைக்கிற ஸ்டோர் பக்கம் போயிருக்கிறார், கேட்டுவிட்டு எடுக்கிறேன், அதுவரை பிள்ளைகளை மழையில் வெளியே எடுக்காதீர்கள், ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தாலும் நாளைக்குப் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் அக்கா ஸ்டூல்மேல் ஏறித் தொட்டில் சேலைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அவங்க கேட்டுச் சொல்லட்டும். அதுவரைக்கும் நாம நடந்துக்கிட்டிருப்போம்."

நாலு மாதத்தில் அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பின் அறையில் இரண்டு பழைய கொழுந்துக் கூடைகள் கிடந்தன. அக்கா அவற்றில் துணியை மெத்தையாக அடுக்கினார். ஒவ்வொரு கூடையிலும் இரண்டு கைக்குழந்தைகள். மிச்சமிருந்த இரண்டையும் ஆளுக்கு ஒன்றாக நெஞ்சோடு சேலையில் கட்டிக்கொண்டோம். மற்றச் சேலைகளை முடிச்சுப்போட்டு நீளமாக்கி, நடக்கிற எட்டுப் பிள்ளைகளையும் ஆளுக்கொரு முடிச்சைப் பிடிக்கச் சொன்னார். நாலரை வயதுப் பெண்பிள்ளை ஒன்றை முன்னால் விட்டோம். மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும், ஆனால் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. நாம் ரயில் விளையாடப் போகிறோம், நீதான் எஞ்சின் என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் அதை வேலையாக எடுத்துக்கொண்டு உடனே கூவத் தொடங்கினாள்.

என் அம்மா முப்பது வருஷம் கூடை சுமந்தவள். என் தலையில் அந்தக் கூடைக் கயிறு ஏறக்கூடாது என்றுதான் என்னைப் படிக்கவைத்தாள். அன்றைக்கு அக்கா அந்தக் கயிற்றை என் தலையில் வைத்துச் சரிசெய்தார். கழுத்தை ஆட்டாதே, கொஞ்சம் முன்னால் சாய்ந்து நட என்றார். முதுகில் இரண்டு பிள்ளைகள் அசைவது தெரிந்தது. ஒன்று என் முடியைப் பிடித்து இழுத்தது.

நான் ரோட்டுப் பக்கம் திரும்பினேன். அது ஸ்டோருக்குப் போகிற வழி, நடக்க லேசு. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த ரோடு மலைக்கு அடியிலேயே போகிறது என்றார். தேயிலைக்கு ஊடாகக் குறுக்கே ஏறி, மேட்டைத் தாண்டி அடுத்த பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு இறங்கலாம் என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

எவ்வளவு நேரம் நடந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். முன்னால் எட்டு, கூடையில் நாலு, நெஞ்சில் இரண்டு. மறுபடியும் முதலிலிருந்து. அட்டை கடித்தது, தேயிலை வாதுகள் காலைக் கீறின. ஒரு பிள்ளையின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அது நின்று அழுதது, எடுக்க நேரமில்லை. நம் ரயில் ஸ்டேஷன் வந்ததும் வேறு செருப்பு தருவார்கள் என்று நான் பொய் சொன்னேன். முன்னால் போன எஞ்சின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. குரல் கம்மிப்போன பிறகும் கூவிக்கொண்டே போனது.

மேட்டு விளிம்பில் ஒரு இடத்தில் அக்கா நின்று கீழே பார்த்தார். அங்கிருந்து பணிய லயம், அதாவது பள்ளத்தில் இருக்கிற லயம், கூரைகளாகத் தெரிந்தது. பாதையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு மூச்சு எடுத்துவிட்டு மறுபடி முன்னால் நடந்தார்.

அந்தப் பக்கம் ஒரு சிங்கள விவசாயி தன் போஞ்சிக்காய்த் தோட்டத்துக்குள் தண்ணீர் புகாமல் வடிகான் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏறி ஓடிவந்தார். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக என்ன என்று கேட்டார். அக்கா கையை நீட்டி மலையைக் காட்டினார். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. சேலையின் கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மனைவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

அந்த அம்மா கட்டிலில் இருந்ததையெல்லாம் கீழே தள்ளிவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார். துடைக்கத் துணி போதவில்லை. அலமாரியைத் திறந்து, இஸ்திரி போட்டு மடித்துவைத்திருந்த தன் மகன்மாரின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைகளை எடுத்தார். நான் வேண்டாம் என்று தடுத்தேன். அவர் என் கையை ஒதுக்கிவிட்டு, சேறு படிந்த பிள்ளைகளுக்கு அந்த வெள்ளைச் சட்டைகளையே போட்டுவிட்டார். அடுப்பில் பால் ஏற்றினார்.

பால் பொங்குவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்தது. கல் ஏற்றிய லொறிகள் பல ஒரே நேரத்தில் கொட்டுவதுபோல. கால் கீழே தரை நடுங்கியது. பிறகு பச்சை மண்ணின் வாசம், கிணறு வெட்டும்போது வருமே, அந்த வாசம், வீட்டுக்குள் வரை வந்தது. நான் வாசலுக்கு ஓடினேன். மேட்டுக்கு மேலே நின்றிருந்த மலையின் முகத்தில் பாதி இல்லை. அந்த இடம் சிவப்பாக இருந்தது.

எனக்கு நன்றி என்று ஒன்றும் அப்போது தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பதினாலு பிள்ளைகளையும் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

அக்காதான் அம்மாமாரை நினைத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர்கள் மடுவத்துக்குத்தானே ஓடிவருவார்கள், அங்கே வெறும் மண்ணைத்தானே பார்ப்பார்கள் என்றார். போனில் சிக்னல் இல்லை. விவசாயி தான் போய்ச் சொல்வதாகச் சொன்னார். அக்கா அவரை நிறுத்தினார்.

"வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. ஒரு பிள்ளைய அவங்க கண்ணால பாக்கணும்."

எஞ்சினாக வந்த அந்தப் பெண்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு விவசாயி மழையில் ஓடினார். மண் இறங்கிய பக்கத்தை விட்டுவிட்டு நீளமாகச் சுற்றிப் போனார்.

அங்கே நடந்ததை அந்தப் பிள்ளையின் அம்மா எனக்குப் பிறகு சொன்னாள். பெண்கள் கூடைகளை மலையிலேயே எறிந்துவிட்டு வந்திருக்கிறார்கள். மடுவம் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குச் சேறு. வெறுங்கையால் தோண்டியிருக்கிறார்கள். மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்ததால் ஆண்கள் அவர்களை இழுத்து இழுத்து வெளியே போட்டார்களாம். இழுத்துப்போட்டவர்கள் திரும்ப உள்ளே இறங்கினார்களாம். அப்போது ஒரு ஆண் தோளில், முழங்காலுக்குக் கீழே தொங்குகிற வெள்ளைச் சட்டையோடு, தன் மகள் வருவதை அவள் கண்டாள். முதலில் அது நிஜமென்று தோன்றவில்லையாம். பிள்ளை மேலே இருந்தபடியே கம்மிய குரலில் சொன்னது:

"அம்மா, நாங்க ரயில் வெளயாடினோம். எல்லாரும் அங்க பால் குடிக்கிறாங்க."

அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருத்தியாகத் தன் பிள்ளையைத் தூக்கி, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார்கள். விரல்களை எண்ணினார்கள். நகத்துக்குள் சேறோடு, விரல் நுனியெல்லாம் இரத்தமாக ஒருத்தி என் காலடியில் உட்கார்ந்து என் காலைப் பிடித்தாள். என்னால் தாங்க முடியவில்லை. என் காலை இழுத்துக்கொண்டு, அக்காவிடம் போ, அவர்தான் என்று சொன்னேன். அக்கா அடுப்படியில் அந்த வீட்டு அம்மாவோடு கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு உயிரும் போகவில்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்ததால் லயம் காலியாக இருந்தது. அதே மழையில் வேறு மலைகளில் அப்படி இருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கதையைப் பெருமையாக என்னால் சொல்ல முடிவதில்லை.

பொழுது சாயும்போதுதான் எனக்குத் தெரியவந்தது, பணிய லயத்தில் நாலு காம்பராக்கள் மண்ணுக்கடியில் போய்விட்டன, அதில் தொங்கலில் இருந்த கடைசிக் காம்பரா அக்காவுடையது. மேட்டு விளிம்பில் நின்று அவர் பார்த்தது பாதையை அல்ல. அங்கிருந்து இறங்கிப்போய் வர கொஞ்ச நேரம்தான் ஆகும். கணவரின் ஒரே போட்டோவும், மகள் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையும், அவருடைய எல்லாமும் அங்கேதான் இருந்தன. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, லயம் போயிரும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போயி எடுத்திருக்கலாமே. நான் நின்னிருப்பேனே."

"கூடையில ரெண்டு, நெஞ்சுல ஒண்ணு இருந்துச்சே," என்றார்.

லயத்து ஆட்கள் எல்லோரும் மூன்று மாதத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். முதல் நாளே நானா ஒரு லொறியில் பாண் ரொட்டியும் பாயும் பால்மாவும் கொண்டுவந்தார். வயதாகிவிட்டிருந்தது, இறங்குவதற்கு ஒருவர் கைபிடிக்க வேண்டியிருந்தது. என்னிடம் பிள்ளைகளின் வயதை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் பதினாலு சோடிச் செருப்பு வந்தது. அதோடு பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பெரிய பார்சல், பெண்கள் மட்டும் திறக்கவும் என்று நானாவின் மனைவி சொல்லியனுப்பியிருந்தார். உள்ளே மாதவிலக்குக்கான துணிகள், உள்பாவாடைகள், சீப்பு, ஊக்கு. நிவாரணம் கொடுக்க எத்தனையோ பேர் வந்தார்கள். எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்தான். ஆனால் நாங்கள் வாய்திறந்து கேட்கக் கூச்சப்பட்ட சாமான்களை அந்த அம்மா ஒருவர்தான் நினைத்து அனுப்பினார்.

ஐந்தாம் வகுப்பு அறையின் ஒரு மூலையில் மடுவத்தைத் திரும்ப நடத்தினோம். முதல் நாள் நானே மேசைமேல் ஏறித் தொட்டில் கட்டினேன். அக்கா கீழே நின்று பார்த்தார். என் முடிச்சைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இறங்குங்க டீச்சர், பிள்ள விழுந்துரும் என்று சொல்லி அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். எங்களுக்குள் இருந்த சண்டை தீர்ந்தது அப்படித்தான். மன்னிப்பு ஒன்றும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்து ஒபிஸிலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. என் பெயர் மட்டும் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு கிளாக்கரிடம் போய், முடிவெடுத்தது நான் இல்லை என்றேன். அவர் உடனே அக்காவின் பெயரை முதலில் போட்டுக் கடிதத்தைத் திரும்ப அடித்தார். துரையின் கையெழுத்தை வாங்கித் தானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு, "நான் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன். நல்லவேளை, நீங்க நிக்கல," என்றார். அக்காவுக்கு வாசிக்க வராது. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பால் போத்தல் கழுவப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழையில் அந்த விவசாயியின் போஞ்சித் தோட்டமும் வீட்டின் பின்சுவரும் சரிந்தன. செய்தி வந்த அன்றே எங்கள் பெண்கள் கூடைகளோடு போனார்கள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஐந்து நாள் மண் சுமந்தோம். நானும் கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டு சுமந்தேன், அந்தத் தடவை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டு அம்மா எங்களுக்குச் சமைத்துப்போட்டே களைத்துப்போனார்.

இப்போது எங்களுக்குச் சமதரையில் வீடுகள் இருக்கின்றன. வர நீண்ட நாள் எடுத்தது, இன்னும் சிலருக்கு வரவில்லை. மடுவமும் புதிது. அக்கா ஓய்வெடுத்துவிட்டார், முட்டிவலி. மலை எங்கும் போய்விடவில்லை. மழைக்காலத்தில் நான் தினமும் பீலியைப் போய்ப் பார்ப்பேன், கதவுகளைச் சாத்திப் பார்ப்பேன், தரையைக் கூட்டும்போது குனிந்து பார்ப்பேன். டவுனில் இப்போது மழை அளக்க ஒருவர் இருக்கிறார், அபாயம் என்றால் போனுக்குச் செய்தி வரும்.

போன மழையிலும் வந்தது. அன்றைக்குக் காலை யாரையும் கேட்காமல், வந்த பிள்ளைகள் பதினொன்றையும் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். அம்மாமாருக்கும் மலைக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன். எல்லோரும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்தார்கள். மண்டபத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் பெரிதாகப் பெய்தது. பிறகு குறைந்தது. பகல் ஒரு மணிக்கு வெயில் வந்துவிட்டது. நல்ல வெயில், ஈரத்துணி போட்டால் காய்ந்துவிடும்.

ஒரு இளம் தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள், பழைய கதை எதுவும் தெரியாது. "என்னா டீச்சர் இது, ஒண்ணும் இல்லாததுக்கு எல்லார் வேலையும் கெட்டுப்போச்சே," என்று முகத்தைச் சுளித்தாள். இன்னும் இரண்டு பேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அடுத்த தடவை நிச்சயமாகத் தெரிந்த பிறகு கூப்பிடுங்கள் என்றார்கள்.

நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சோறு போடப் போனேன். பிள்ளைகள் சாப்பிட்டதும் அம்மாமார் என்னைத் திட்டிக்கொண்டே வெயிலில் வீட்டுக்கு நடந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு பிள்ளை. எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.